மூல நட்சத்திரமும் எழுதும் பெண்ணும்



ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை கைக்கு வந்ததும் நம்மில் அநேகர் முதலில் புரட்டுவது இராசிபலன் பக்கத்தைத்தான். அரசியலும் அரிசி விலையும் பிறகு. பலனோடு குணத்தையும் சேர்த்து எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. மிதுன இராசிக்காரர் பேச்சிலும் எழுத்திலும் வல்லவர்கள், கன்னி இராசிக்காரர் எதையும் ஒழுங்காகக் குறித்து வைப்பவர்கள், கடகம் பழையதை நினைத்து உருகும் என்றெல்லாம் சொல்கிறார்கள். மிதுனத்துக்கும் கன்னிக்கும் அதிபதி புதன். புதன் கல்விக்கும் எழுத்துக்கும் உரிய கிரகம் என்பது சோதிடக் கணக்கு. இதனால் இவ்விரண்டும் எழுத்தாளர் இராசிகள் என்று பெயர் பெற்றுவிட்டன. அப்படியானால் மற்றப் பத்து இராசியிலும் பிறந்த பெண்கள் பேனையைக் கீழே வைத்துவிட வேண்டுமா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். நாம் இராசி என்று சொல்வது, பிறந்த நேரத்தில் சந்திரன் நின்ற இடத்தை. சந்திரன் ஒரு இராசியைக் கடக்க ஏறத்தாழ இரண்டேகால் நாள் எடுக்கும். மேனாட்டார் பார்ப்பதோ சூரியன் நின்ற இடத்தை. அதற்குப் பிறந்த திகதி மட்டும் போதும். சூரியனை வைத்துப் பார்த்தாலும்கூட அவர்களது கணக்கும் நமது பஞ்சாங்கக் கணக்கும் மூன்று கிழமைக்கு மேல் விலகி நிற்கின்றன.

ஆன் பிராங்க் என்ற யூதச் சிறுமியின் நாட்குறிப்பைப் பற்றி உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவள் பிறந்தது 1929 ஜூன் 12. மேனாட்டுக் கணக்கில் மிதுனம். “பார்த்தீர்களா, எழுத்தாளர் இராசி!” என்று சொல்லலாம். நமது கணக்கில் அது வைகாசி மாதம், சூரியன் நிற்பது இடபத்தில். இதில் எந்த இராசி அவளை எழுத வைத்தது? அவளுடைய அக்கா மார்கொட் பிறந்தது 1926 பெப்ரவரி 16. அவளும் அதே மறைவிடத்தில் ஒரு நாட்குறிப்பு எழுதினாள். அது இன்றுவரை கிடைக்கவில்லை. சகோதரிகள் இருவரும் 1945இல் நாசிகளின் முகாமில் இறந்துபோனார்கள். அவர்கள் பிடிபட்ட பிறகு, ஒளித்திருந்தவர்களுக்கு உதவி செய்துவந்த மீப் கீஸ் என்ற பெண், தரையில் சிதறிக் கிடந்த ஆனின் தாள்களைச் சக ஊழியரோடு சேர்ந்து பொறுக்கியெடுத்துத் தனது மேசை லாச்சியில் வைத்துக் காத்தார். அதனால்தான் தங்கையின் எழுத்து உலகத்துக்குக் கிடைத்தது.

சரி, குணம் பொருந்துகிறதே என்று கேட்பீர்கள். 1948இல் பேர்ட்ரம் போரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன்னுடைய 39 மாணவர்களுக்குத் தனித்தனியே குணவிளக்கம் எழுதிக் கொடுத்து, எவ்வளவு பொருத்தம் என்று ஐந்துக்குப் புள்ளி போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. உண்மையில் எல்லோருக்கும் அவர் கொடுத்தது ஒரே தாள். அதிலிருந்த வசனங்கள் கடையில் விற்கும் ஒரு சோதிடப் புத்தகத்தில் இருந்து எடுத்தவை. “வெளியே தைரியமானவள், உள்ளே கவலை உள்ளவள்” என்று எழுதினால் நம்மில் யார் அது நான் இல்லை என்பாள்?

இதுவரை சொன்னது சிரித்துவிட்டுப் போகக்கூடிய விடயம். சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு.

“ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்” என்பது நமது ஊர்களில் பொருத்தம் பார்க்கும்போது சொல்லப்படும் பேச்சு. அது ஆண் அல்ல, ஆனி மாதத்து மூலம் என்பதே சரி என்று விளக்கம் சொல்லும் சோதிடர்களும் இருக்கிறார்கள். விளக்கம் புத்தகத்தில் இருக்கிறது, பழிச்சொல் வீட்டுக்குள் இருக்கிறது.

மகாகவி பாரதி பிறந்தது 1882 டிசம்பர் 11, மூல நட்சத்திரம், தனுசு இராசி. எழுத்தால் அரசாண்டவர் என்று அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்லலாம். ஆனால் அவரோ தமது புதிய ஆத்திசூடியில் சோதிடத்தை மதிக்க வேண்டாம் என்றும் வானநூலைப் படியுங்கள் என்றும் சொன்னவர்.

வன்னியில் ஒரு மாதர் சங்கத்தில் கொப்பியும் பேனையும் கொடுத்து, மனதில் உள்ளதை எழுதுங்கள் என்று கேட்டிருந்தோம். ஐம்பது வயது தாண்டிய ஓர் அம்மா கொப்பியைத் தொடவில்லை. “எனக்கேன் பிள்ளை இதெல்லாம், நான் மூலம். நான் தொட்டது எதுவும் விளங்கினதில்லை” என்றார். கலியாணம் முடித்து ஒரு வருடத்தில் மாமனார் இறந்தபோது இவரது குறிப்பைக் குறை சொன்னார்கள். 2009இல் கணவர் செல் பட்டு இறந்தபோதும் அதே குறிப்பைத்தான் சொன்னார்கள். செல் அடித்தவர் யாருடைய குறிப்பையும் யாரும் கேட்கவில்லை. நான் பாரதியின் நட்சத்திரத்தைச் சொன்னேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டு, “அவர் ஆம்பிளை எல்லோ பிள்ளை” என்றார். பல்கலைக்கழகத்தில் நான் படித்த சமூகவியல் எல்லாம் அந்த ஒரு வசனத்துக்குள் அடங்கிவிட்டது.

பிறகு கொப்பியை வீட்டுக்குக் கொண்டுபோனார். இரண்டு மாதம் கழித்துக் காட்டினார். கதையும் இல்லை, கவிதையும் இல்லை. கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை என்று இடம்பெயர்ந்த ஒவ்வொரு ஊரும், போன நாளும், அங்கே விட்டுவிட்டு வந்த சாமான்களும், வழியில் அடக்கம் செய்தவர்களின் பெயரும் வரிசையாக இருந்தன. இப்போது அயலில் யாராவது விண்ணப்பம் நிரப்பவோ வாக்குமூலம் கொடுக்கவோ திகதி தெரியாமல் நின்றால் அந்த அம்மாவிடம்தான் வருகிறார்கள். எதையும் ஒழுங்காகக் குறித்து வைப்பது கன்னி இராசிக் குணம் என்று பத்திரிகை சொல்கிறது. அவரோ தனுசு!

காணாமல்போன கணவனையோ பிள்ளையையோ பற்றிச் சாத்திரியாரிடம் கேட்கப் போகும் சகோதரிகளை நான் ஒருநாளும் குறை சொல்வதில்லை. பதில் சொல்ல வேண்டிய இடங்கள் பதில் சொல்லாமல் இருக்கும்போது, “இருக்கிறார், வருவார்” என்று ஒருவர் சொன்னால் அன்றிரவாவது நித்திரை வரும். ஆனால் அதே குறிப்பைக் காட்டி “உன் பலனால்தான் இப்படி” என்று யாராவது சொன்னால், அதை ஏற்றுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.

எழுத்தறிவு போதாது என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பாரதி 1921இல் இறந்த பிறகு, அவருடைய வாழ்க்கையை மனைவி செல்லம்மாள் சொல்ல, மகள் தங்கம்மாள் எழுதினார். அப்படித்தான் “பாரதியார் சரித்திரம்” என்ற நூல் உருவானது. உங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் நீங்களும் சொல்லலாம், பிள்ளை எழுதலாம். எழுதியதைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளை கேட்கக் கூடாத விடயம் என்று நினைப்பதை மாத்திரம் நம்பிக்கையான ஒரு சிநேகிதியிடம் சொல்லி எழுதுவியுங்கள். எழுதத் தொடங்கி மனம் பாரமாகி நித்திரை கெட்டால் கொப்பியை மூடி வையுங்கள். உளவளத்துணையாளரோடு பேசிவிட்டுப் பிறகு தொடரலாம்.

ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் திகதியும் ஊரும் போடுங்கள். கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி, அடையாள அட்டையும் பிறப்புப் பத்திரமும் இருக்கும் இடத்திலேயே வையுங்கள். அது எங்கே இருக்கிறது என்று வேறு ஒருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.