விட்டுப்போன நாட்களை எழுதுங்கள்

கரண்ட் வைக்கிற சிகிச்சையில் ஒரு நாள்கூட விடக்கூடாது என்று எங்களைக் கண்டித்துச் சொன்ன மருத்துவமனை நீங்கள். நாங்கள் விடவில்லை. காய்ச்சலோடு வந்தோம். முடிச்சூர் சாலையில் முழங்கால் தண்ணீர் நின்ற மழையிலும் வந்தோம். விட்டது நீங்கள். "மெஷின் ஓடலை, நாளைக்கு வாங்க" என்றீர்கள். மறுநாளும் அதே பதில். அதற்கடுத்த நாளும்.

அம்மாவுக்கு நாக்கில் புற்று. ஆபரேஷன் முடிந்து 33 முறை கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வாரத்துக்கு ஐந்து நாள் என்றார்கள். நாலாவது வாரம் கழுத்துத் தோல் கருத்து உரியத் தொடங்கியது. வாயெல்லாம் புண். எச்சில் விழுங்கினாலே கண்ணில் தண்ணீர் வரும். மூக்கு டியூபில் சிரிஞ்சால் கஞ்சி ஊற்றி, புடவைத் தலைப்புகூடக் கழுத்தில் படாமல் ஒதுக்கி, பெருங்களத்தூரில் காலை மின்சார ரயிலில் ஏற்றுவேன். தாம்பரத்தில் ஏறும் கூட்டத்தில் யார் பையாவது கழுத்தில் உரசிவிடும். கத்தக்கூட அம்மாவுக்கு நாக்கு எழும்பாது. அப்படி வந்தவளைத்தான் வாசலிலேயே திருப்பி அனுப்பினீர்கள். எங்கள் போன் நம்பர் உங்கள் ஃபைலின் முதல் பக்கத்தில் இருக்கிறது. ஒருவரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை.

என்னை எரிக்கிற விஷயம் இன்னொன்று. நீங்கள் மருத்துவம் சொல்லிக்கொடுக்கிற கல்லூரி. ஒரு நாள் அம்மாவைச் சுற்றி மாணவர்களை நிறுத்திப் பேராசிரியர் பாடம் நடத்தினார். அவளிடம் சம்மதம் கேட்கவில்லை. அதையும் பொறுத்துக்கொண்டோம். சிகிச்சை தொடங்கி நாலு வாரத்துக்கு மேல் மிச்சமிருக்கும் புற்றணுக்கள் வேகமாகப் பெருகும், தலை, கழுத்துப் புற்றில் சிகிச்சை ஒரு நாள் நீண்டாலே கட்டி அடங்கும் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கு மேல் குறையும் என்று அவர் சொன்னதை அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிரிட்டனில் இந்தப் புற்றுக்கு மொத்தச் சிகிச்சைக் காலம் திட்டமிட்டதைவிட இரண்டு நாளுக்கு மேல் நீளக்கூடாது என்றே வழிகாட்டி விதி இருக்கிறது. நாள் தவறினால் சனிக்கிழமை வைக்கலாம், ஆறு மணி நேரமாவது இடைவெளி விட்டு ஒரே நாளில் இரண்டு முறை வைக்கலாம் என்கிறது அது. சனிக்கிழமை வைப்பீர்களா என்று நானும் கேட்டேன். "கடைசியில சேத்துக்கலாம்மா" என்றீர்கள். கடைசியில் சேர்ப்பதுதானே சிகிச்சையை நீட்டுவது! மாணவனுக்கு மார்க் வாங்கித் தரும் உண்மை என் அம்மாவுக்கு ஏன் உதவவில்லை?

மெஷின் பழுதாவது குற்றமில்லை. பழுதாகும் என்று தெரிந்தே மாற்று ஏற்பாடு செய்யாததுதான் குற்றம். ஏற்பாடு செய்ய வழியில்லாத ஊரும் இல்லை இது. 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகச் சானடோரியம் கட்டிய ஊர் எங்கள் தாம்பரம். ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர்தான். தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கினார். 1957லேயே அங்கே கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி வந்தது. தரமணியில் 2019இல் தனியார் புரோட்டான் கதிர்வீச்சு மையமும் வந்துவிட்டது, லட்சங்கள் உள்ளவர்களுக்கு. கையில் காப்பீட்டு அட்டை மட்டும் உள்ள நாங்கள் மூடிய கதவுக்கு முன்னால் நிற்கிறோம்.

அம்மா இன்று இல்லை. கழுத்தில் கட்டி திரும்பி வந்தது. அந்த இடைவெளிதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அது காரணமே இல்லை என்று உங்களாலும் சொல்ல முடியாது. சாகும்வரை இந்தக் கேள்வியை நான் சுமக்க வேண்டும். உங்கள் ரெஜிஸ்டரில் அந்த இடைவெளி ஒரு கோடாகக்கூட இல்லை.

இழப்பீடு கேட்டு வரவில்லை. மெஷின் நின்றால் முதல் ரயிலுக்கு முன்னால் போன் செய்யுங்கள். விட்ட நாளை அந்த வாரத்துக்குள் ஈடுகட்டுங்கள். முடியாவிட்டால் மெஷின் ஓடுகிற இடத்துக்கு உங்கள் பொறுப்பிலேயே அனுப்பி வையுங்கள். எத்தனை நாள் தள்ளிப்போனது, எதனால் என்று ஒவ்வொரு நோயாளியின் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் எழுதுங்கள். என் அம்மாவின் சம்மரியில் 'சிகிச்சை முழுமையாக முடிந்தது' என்று மட்டும்தான் இருக்கிறது. அது பொய். முதலில் அதைத் திருத்துங்கள்.