உம்ராப் பயணத்தை நோய் தடுத்தால் டிக்கெட் காசு யாருக்கு?

2020 பெப்ரவரி 27ஆம் திகதி சவூதி அரேபியா வெளிநாட்டு உம்ராப் பயணிகளின் வருகையை நிறுத்தியது. மார்ச் நடுப்பகுதியில் கட்டுநாயக்க விமான நிலையமும் உள்வரும் பயணிகளுக்கு மூடப்பட்டது. அந்நாட்களில் டிக்கெட் எடுத்திருந்தவர்களில் இரண்டு சாரார் இருந்தனர். தம் வயதையும் நோயையும் யோசித்து, தடை வருமுன்னரே பயணத்தை இரத்துச் செய்தவர்கள் ஒரு சாரார். கடைசி வரை காத்திருந்தவர்கள் மறு சாரார். விமானமே பறக்காததால், காத்திருந்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்க வழி பிறந்தது. எச்சரிக்கையாக நடந்துகொண்டவர்களோ டிக்கெட் நிபந்தனைகளில் மாட்டிக்கொண்டார்கள்.

இந்தப் பிரச்சினை கொரோனாவோடு முடிந்துவிடவில்லை. எமது ஊர்களிலிருந்து உம்ராவுக்குச் செல்வோரில் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். சீனி, பிரஷர், இருதய நோய் என்று ஏதாவது ஒன்று அவர்களோடு கூடவே இருக்கிறது. பணம் கட்டிய நாளுக்கும் பயண நாளுக்கும் இடையில் வைத்தியர் "போக வேண்டாம்" என்று சொன்னால் என்ன நடக்கும் என்பதை எவரும் முன்கூட்டி விளங்கப்படுத்துவதில்லை.

பயணத்தை ஏன் இரத்துச் செய்தீர்கள் என்பதை உலகின் பெரும்பாலான விமானப் பயணச் சட்டங்கள் முதலில் பார்ப்பதில்லை. யார் இரத்துச் செய்தார் என்பதையே பார்க்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 இலக்க ஒழுங்குவிதியின்படி, விமானக் கம்பனி இரத்துச் செய்தால் 7 நாட்களுக்குள் பணத்தைத் திருப்ப வேண்டும். பயணி தானாக விலகினால் அந்த விதி உதவாது. அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களம் 2022 நவம்பரில் ஆறு விமானக் கம்பனிகள் பயணிகளுக்கு 600 மில்லியன் டொலருக்கும் அதிகமாகத் திருப்பிக் கொடுக்க வைத்தது. அதுவும் கம்பனிகள் தாமே இரத்துச் செய்த அல்லது பெரிதும் மாற்றிய பயணங்களுக்கான பணம்தான்.

இந்திய உச்ச நீதிமன்றம் 2020 ஒக்டோபர் 1ஆம் திகதி வழங்கிய தீர்ப்பு எமக்கு இன்னும் நெருக்கமானது. முடக்க காலத்தில், அதே காலப் பயணத்துக்கு எடுத்த டிக்கெட்டுகளின் பணத்தைக் கம்பனிகள் முழுமையாகத் திருப்ப வேண்டும், முகவர் மூலம் எடுத்திருந்தால் கம்பனியிடமிருந்து பணம் வந்தவுடன் முகவர் அதைப் பயணியிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அது கூறியது. எமது மக்களும் பெரும்பாலும் முகவர் ஊடாகவே டிக்கெட் எடுக்கிறார்கள் என்பதால் இந்த இரண்டாவது பகுதி முக்கியமானது.

பயணியின் நோயையே காரணமாக ஏற்கும் விதி மிக அரிது. அமெரிக்கா 2024 ஏப்ரலில் வெளியிட்ட விதியில் அப்படியொரு ஏற்பாடு இருந்தது. கடுமையான தொற்றுநோயால் பயணம் செய்ய முடியாதவருக்குக் குறைந்தது 5 வருடங்கள் செல்லுபடியாகும் வவுச்சர் வழங்க வேண்டும் என்பதே அது. அங்கும் கையில் காசு கிடைப்பதில்லை. இருதய நோயாளிக்கு அதில் இடமும் இல்லை.

ஆகவே எமது பயணிக்கு மிஞ்சியிருப்பது டிக்கெட்டின் நிபந்தனைகள் மட்டுமே. அவற்றை அவர் கண்ணால் காண்பதும் இல்லை. உம்ரா முகவர்கள் பெரும்பாலும் குழு டிக்கெட்டுகளை மொத்தமாக எடுக்கிறார்கள். விலை குறைவு, நிபந்தனை கடுமை. டிக்கெட் அடித்த பின் பெயர் மாற்றுவது பொதுவாக முடியாது. டிக்கெட், விசா, ஹோட்டல், பஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே தொகைதான் பயணிக்குச் சொல்லப்படுகிறது. எது திரும்பும், எது திரும்பாது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

எனக்குத் தெரிந்த, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தன் பணிக்கொடையிலிருந்து உம்ராவுக்குக் கட்டியிருந்தார். பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன் இருதயத்தில் அடைப்பு இருப்பது தெரிய வந்தது. "டிக்கெட் ரீஃபண்ட் இல்லை, ஒன்றும் கிடைக்காது" என்று முகவர் தொலைபேசியில் சொல்லிவிட்டார். வைத்தியரின் கடிதத்தை இணைத்து, செலவு விபரத்தை எழுத்தில் தருமாறு கேட்டு, அவருக்காக நான் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரங்களின் பின் ஹோட்டல் பணமும் டிக்கெட்டில் அடங்கிய விமான நிலைய வரிகளும் திரும்பி வந்தன. டிக்கெட்டின் அடிப்படைக் கட்டணம் வரவில்லை. "டிக்கெட் காசு திரும்பாது" என்பதும் "கட்டிய காசு எதுவுமே திரும்பாது" என்பதும் ஒன்றல்ல. எழுத்தில் கேட்கும்வரை அந்த வித்தியாசம் வெளிவருவதில்லை.

முகவர்கள் எல்லோரையும் குறை சொல்வதும் நியாயமாகாது. பயணி கட்டும் பணத்தின் பெரும்பகுதி விமானக் கம்பனிக்கும் ஹோட்டலுக்கும் போய்விடுகிறது. 2020இல் முகவர்களின் பணமும் விமானக் கம்பனிகளிடம் சிக்கிக் கிடந்தது. ஆனால் நிபந்தனைகளை அறிந்திருப்பவர் முகவர், அறியாதவர் பயணி. அறிந்தவர் சொல்ல வேண்டும்.

பணம் கட்டுமுன் மூன்று விடயங்களை எழுத்தில் கேளுங்கள். பயணத்துக்கு முன் இரத்துச் செய்தால் எவ்வளவு கழிப்பீர்கள்? வைத்தியச் சான்றிதழ் இருந்தால் சலுகை உண்டா? திகதியை மாற்றலாமா? நோய் வந்துவிட்டால் விமானம் புறப்படுமுன் எழுத்தில் அறிவியுங்கள். அறிவிக்காமல் இருந்துவிட்டால் கிடைக்க வேண்டியதும் போய்விடக் கூடும். விசாவோடு வரும் காப்புறுதி அங்கு தங்கியிருக்கும் காலத்துக்கானது. வீட்டிலிருந்தே பயணம் தடைப்படுவதை ஈடு செய்யத் தனிக் காப்புறுதி வேண்டும். அதிலும் ஏற்கெனவே உள்ள நோய்கள் விலக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். விமானக் கம்பனியே இரத்துச் செய்தால், வவுச்சருக்குக் கையொப்பமிடுமுன் காசாகத் தர முடியுமா என்று கேளுங்கள்.

பிணக்கு ஏற்பட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு முறையிடலாம். சேவை வழங்கப்பட்டு மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். அச்சபையின் தொலைபேசி இலக்கம் 1977. பிரதேச மத்தியஸ்த சபையும் ஒரு வழி. பற்றுச்சீட்டு இல்லாமல் எங்கு போயும் பயனில்லை.

இவையெல்லாம் தனி மனிதர் செய்யக் கூடியவை. முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. உம்ரா முகவர் ஒவ்வொருவரும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்க உடன்படிக்கையைப் பயணியிடம் கொடுக்க வேண்டும் என்று அது விதிக்க வேண்டும். எந்தத் தொகை எதற்கு, நோய் வந்தால் எது திரும்பும், எத்தனை நாளில் திரும்பும் என்பன அதில் இருந்தால் போதும்.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி சூரா அல்பகராவின் 282ஆவது வசனம் எமக்குக் கட்டளையிடுகிறது. விற்ற பொருளை மனமுவந்து திரும்ப ஏற்று, வாங்கியவரை விடுவிப்பதை மார்க்கம் 'இகாலா' என்று சிறப்பித்துச் சொல்கிறது. உம்ராவை விற்கும் வியாபாரத்தில் இந்த இரண்டும் இருக்க வேண்டும். அடுத்த குழுவுக்குப் பெயர் சேர்க்கத் தொடங்குமுன் பள்ளிவாசல் நிர்வாகங்கள் தமது ஊர் முகவர்களை அழைத்து இதைப் பற்றிப் பேசட்டும்.