புள்ளிக் கணக்கும் வட்டிக் கணக்கும்

தஞ்சாவூர்க்காரர்கள் விமானம் ஏற வேண்டுமானால் பெரும்பாலும் திருச்சிக்குத்தான் போக வேண்டும். ஆனாலும், விமான மைல்களைப் பற்றிய பேச்சு எங்கள் ஊரிலும் இப்போது கேட்கிறது. அண்மையில் என் முன்னாள் மாணவர் ஒருவர், கடன் அட்டைப் புள்ளிகளைக் கொண்டே சிங்கப்பூரிலுள்ள மகளைப் பார்த்து வந்ததாகச் சொன்னார். "இலவசமாகவா?" என்றேன். "வரி மட்டும்தான் கட்டினேன், ஐயா" என்றார்.

யாரோ ஒருவர் கொடுக்காமல் இன்னொருவருக்கு இலவசம் கிடைப்பதில்லை. கடைக்காரரிடம் பிடிக்கப்படும் கட்டணம், அட்டையின் ஆண்டுக் கட்டணம், பாக்கி வைப்போர் செலுத்தும் வட்டி ஆகியவையே புள்ளிகளின் ஊற்றுக்கண்.

பல அட்டைகளில் வட்டி மாதத்துக்கு 3.5 சதவீதம் வரை போகிறது. ஒரு லட்சம் ரூபாய் பாக்கியை ஒரு மாதம் தள்ளிப்போட்டால் வட்டி 3,500 ரூபாய். அதன்மீது 18 சதவீத ஜிஎஸ்டி 630 ரூபாய். நூறு ரூபாய்ச் செலவுக்கு ஒரு ரூபாய் மதிப்புள்ள புள்ளி கிடைப்பதாகக் கொண்டால், இந்த 4,130 ரூபாயை ஈடுகட்ட 4.13 லட்சம் ரூபாய் செலவழிக்க வேண்டும். ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேற்பட்ட வட்டி முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் கூறியதை, 2024 டிசம்பரில் உச்சநீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆக, நம்மைக் காக்க வேண்டியவர்கள் நாமேதான்.

எனவே, முழுத் தொகையையும் உரிய நாளில் செலுத்த முடிந்தவர்களுக்கே புள்ளிகள் லாபம். அவற்றையும் சேமிப்பாகக் கருதிப் பூட்டி வைக்கலாகாது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியபோது, அதில் பயணம் செய்யவென்று மைல்களைச் சேர்த்தவர்களுக்கு அந்த விமானமே இல்லாமற்போனது.

டெல்டாவில் இதைவிடப் பெரிய வெகுமதி தரும் அட்டை ஒன்று உண்டு. அது 1998-இல் அறிமுகமான விவசாயி கடன் அட்டை. மூன்று லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். உரிய நாளில் அடைத்தால் 4 சதவீதம். முழுத் தொகைக்கு ஓராண்டில் மிச்சம் 9,000 ரூபாய்! கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனை உரிய காலத்தில் அடைத்தால் தமிழகத்தில் வட்டியே இல்லை.

ஆனால், இங்கேதான் அநீதி. மாதச் சம்பளக்காரரின் வருமான நாள் உறுதியானது. சம்பா அறுவடையில் மழை பெய்து நெல் ஈரமானால், கொள்முதல் நிலைய வாசலில் விவசாயி காத்துக்கிடக்கிறார். பணம் தாமதமாகிறது, அவர் தவறேதும் செய்யாமலே சலுகையை இழக்கும் நிலை வருகிறது.

நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுவந்து பதிவு செய்த விவசாயிக்கு, அதற்கான பணம் வங்கிக் கணக்கில் ஏறும்வரை தவணைநாளை நீட்டித்தால் என்ன? விமானப் பயணியின் புள்ளிகளைத் துல்லியமாகக் கணக்கிடும் கணினிக்கு, இது பெரிய வேலையன்று.