பத்துச் சக்கர வீடு

கேரவன் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? ஷூட்டிங் ஸ்பாட்தானே! ஹீரோ உள்ளே ஏ.சி.யில் இருப்பார், தயாரிப்பாளர் வெளியே வெயிலில் நிற்பார். அந்த வண்டி இப்போது சுற்றுலாவுக்கும் வந்துவிட்டது. உள்ளே கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், குளியலறை, கக்கூஸ். குடும்பத்தோடு ஏறிக்கொண்டு மாமன் வீடு, சித்தி வீடு என்று ஊர் ஊராகப் போகலாம். ராத்திரி யார் வீட்டிலும் பாய் கேட்க வேண்டாம். சொகுசுதான். போகிறவர்கள் போகட்டும், எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை.

என் கோபம் வேறு.

மத்திய சுற்றுலா அமைச்சகம் 2009-லேயே கேரவன்களுக்கும், அவை வந்து நிற்கும் பூங்காக்களுக்கும் சேர்த்து ஒரு கொள்கை போட்டது. வாளையாரைத் தாண்டினால் கேரளா. அவர்கள் 2021-ல் தனியாகவே ஒரு கேரவன் கொள்கை கொண்டுவந்தார்கள். முதல் 100 வண்டிகளுக்கு ஏழரை லட்சம் ரூபாய் அல்லது முதலீட்டில் 15 சதவிகிதம், எது குறைவோ அது மானியம். நான் பி.காம். படித்தவன். மானியம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ‘இது எனக்கு முக்கியம்’ என்று அரசாங்கம் பணத்தால் சொல்கிறது. நல்லது.

அப்படியானால், வருஷம் பூரா வண்டியிலேயே வாழ்கிறவர்களுக்கு என்ன சொல்கிறது?

சூலூருக்கு வாருங்கள். ஊருக்குள்ளே திருச்சி ரோடு. கொஞ்சம் தள்ளி நீலாம்பூரில் சேலம் - கொச்சி நெடுஞ்சாலை. அங்கிருந்து மதுக்கரை வரை 28 கிலோமீட்டர் பைபாஸ். நாமக்கல் முட்டையிலிருந்து நம்ம ஊர் நூல் வரைக்கும் கேரளா போவது இந்தப் பக்கமாகத்தான். ஓரத்தில் நிற்கும் லாரிகளில் ஒன்றைச் சும்மா எட்டிப் பாருங்கள். சீட்டுக்குப் பின்னால் ஒரு பலகை, அதுதான் கட்டில். ஒரு பெட்டிக்குள் ஸ்டவ், அரிசி, மிளகாய்த்தூள், அதுதான் சமையல்கட்டு. கண்ணாடிக்கு மேலே சாமி படம், பக்கத்தில் பிள்ளையின் போட்டோ, அதுதான் பூஜை அறை. கக்கூஸ்? எதிரே இருக்கும் முள்ளுக்காடு.

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு லாரியில் போர் போடும் எந்திரம், கூடவே வரும் லாரியில் ராடும் டீசலும் அண்டா குண்டாவும். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். அவ்வளவு நாளும் சமையல், தூக்கம், காய்ச்சல், தீபாவளி எல்லாமே வண்டியோடு.

இவர்களும் ‘குடும்ப விசிட்’ நடத்துகிறார்கள். எப்படித் தெரியுமா?

லோடு லாரியை வீட்டுச் சந்துக்குள் ஓட்டிப் போக முடியாது. ரோட்டில் விட்டுவிட்டும் போக முடியாது. திரும்பி வருவதற்குள் தார்ப்பாய் கிழிந்திருக்கும், டீசல் டேங்க் வற்றியிருக்கும், பழி டிரைவர் தலையில் விழும். அதனால் வீடு வண்டியைத் தேடி வருகிறது. மனைவி தூக்குப்போசியில் சோறும் இடுப்பில் பிள்ளையுமாக டவுன் பஸ் பிடித்து பைபாஸுக்கு வருகிறார். டயர் நிழலில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேச்சு. பெரிய பையனின் ரேங்க் கார்டில் கையெழுத்து. அதற்குள் ‘வண்டியை எடு’ என்று போலீஸ் விரட்டும், அல்லது ‘எங்கய்யா இருக்கே?’ என்று ஓனரின் போன் வரும். அந்த அம்மாவுக்கு அவசரம் என்றால் எங்கே போவார்? யாராவது யோசித்தோமா?

சட்டம் யோசித்தது. 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், சாதாரணமாக ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்றது. ராத்திரி தங்க வேண்டிய இடத்தில் முதலாளி ஓய்வறை கட்டித்தர வேண்டும் என்றது. எல்லாம் சரி, ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்தால்தான் அந்தச் சட்டம் கட்டுப்படுத்தும். நம்ம பக்கம் ஒற்றை லாரி, ரெட்டை லாரி ஓனர்களுக்கா பஞ்சம்? ஓட்டை வழியாக லாரியே போய்விட்டது! அந்தச் சட்டமும் 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் கரைந்துவிட்டது.

ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். 2025 அக்டோபர் 1-லிருந்து தயாராகும், மொத்த எடை மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். சேஸ் மட்டும் வாங்கி வெளியே கேபின் கட்டினாலும், ஏ.சி. கிட்டை கம்பெனியே தர வேண்டும். சபாஷ். ஆனால் ஏற்கெனவே ஓடுகிற லாரிகளுக்கு இது இல்லை. புது லாரியிலும், நிறுத்திப் படுக்கும்போது ஏ.சி. வேண்டுமென்றால் இன்ஜினை ஓடவிட வேண்டும். அந்த டீசல் யார் கணக்கில் என்று ஓனரிடம் கேட்டுப் பாருங்கள்.

பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் நெடுஞ்சாலை பங்க்குகளில் ‘அப்னா கர்’ என்று டிரைவர் விடுதிகள் கட்டுகின்றன. ‘நம்ம வீடு’ என்று அர்த்தம். 2025 ஜூலை கணக்குப்படி நாடு முழுக்க 368 விடுதிகள், 4,611 படுக்கைகள். வகுத்தால் விடுதிக்குப் பன்னிரண்டு, பதிமூன்று பேர். இத்தனை பெரிய தேசத்துக்கு இது ஒரு மூலைக்குக் காணுமா? படுக்கை, குளியல், கக்கூஸ், சமைக்க இடம் என்று அரசு சொன்ன வசதிப் பட்டியலில், மனைவி மக்கள் வந்தால் உட்கார ஓர் அறையைக் காணோம். மனைவிக்கு இடமில்லாத இடத்துக்கு எப்படி ஐயா ‘நம்ம வீடு’ என்று பெயர் வைத்தீர்கள்?

‘வாடகையே கட்டுப்படியாகறதில்லீங்க, இதுல ரூமு வேறயா?’ என்பார் லாரி ஓனர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. டீசல், டயர், இன்ஷூரன்ஸ் போக அவர் கையில் நிற்பது கொஞ்சம்தான். அதனால்தான் அரசைக் கேட்கிறேன். உல்லாசமாகப் போகிறவருக்கு வண்டி வாங்கவே பணம் தர முடிகிறது என்றால், பிழைப்புக்குப் போகிறவருக்கு வண்டி நிறுத்த இடம் தர முடியாதா? பைபாஸ் ஓரம் வேலி போட்டு, காவல் வைத்து, பத்துக் கழிப்பறை, நாலு குடும்ப அறை. பஸ் நிற்கும் தூரத்தில் இருந்தால் போதும். ஆடம்பரமா இது?

அரசு செய்கிறபோது செய்யட்டும். இதைப் படிக்கிற நீங்கள் மில் வைத்திருக்கலாம், குடோன் வைத்திருக்கலாம், அங்கே மேனேஜராக இருக்கலாம். லோடு இறக்க வந்த டிரைவர் உங்கள் கேட்டுக்கு வெளியே மணிக்கணக்கில் நிற்கிறார். உள்ளே கழிப்பறை இருக்கிறது. ‘டிரைவருக்கு அனுமதி இல்லை’ என்று வாட்ச்மேன் சொல்கிறார். சொல்லச் சொன்னது யார்? நாளைக்குக் காலையில் முதல் வேலையாக அந்த வாட்ச்மேனைக் கூப்பிட்டு, உத்தரவை மாற்றுங்கள். இதற்குக் கொள்கையும் வேண்டாம், மானியமும் வேண்டாம்.