தோண்டுமுன் வரைவோம்

நிலப்படம் வழி காட்டுவதற்கு மட்டும் உரியதன்று. அது தேதியிட்ட ஓர் அளவீடு. எனவே எந்த மலையையும் தோண்டுமுன் அதை அளந்து படமாக்க வேண்டும் என்பேன். இதற்குச் சான்று, அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள சியரா நெவாடா மலைத்தொடர்.

அங்கே 1848-இல் தங்கம் கண்டெடுக்கப்பட்டது. 1853 முதல், நீரைக் குழாய் வழியே வேகமாகப் பீச்சிச் சரளைக் குன்றுகளையே கரைத்தார்கள். மரக் கால்வாய்களில் பாதரசம் இட்டுத் தங்கத்தைப் பிடித்தார்கள். எஞ்சிய மண் ஆறுகளை மேடாக்கியது. வெள்ளம் வயல்களில் புகுந்தது. 1884-இல் நீதிமன்றம் தடை விதித்தது.

கரைந்த மண் எவ்வளவு? சம உயரக் கோடுகள் உள்ள இரு படங்கள் இருந்தால் கணக்கு எளிது. பழைய படத்தில் 800 மீட்டர் உயரமாக இருந்த நிலம் புதிய படத்தில் 740 மீட்டர் என்று கொள்வோம். 100 மீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரத்தில் மட்டும் 6 லட்சம் கன மீட்டர் மண் போயிருக்கும். கழித்தலும் பெருக்கலும் போதும்!

ஆனால் தோண்டத் தொடங்கியபோது அம்மலைக்கு அத்தகைய விரிவான படம் இல்லை. நிலவியல் அறிஞர் கில்பர்ட், குழிகளை அளக்கச் செய்து, பழைய நிலமட்டத்தை ஊகித்தே கணக்கிட வேண்டியிருந்தது. ஏறத்தாழ 100 கோடி கன மீட்டர் என்று 1917-இல் அவரது அறிக்கை கூறியது.

மண் போய்ச் சேர்ந்த சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கதை வேறு. கப்பல்களுக்காக 1850-களிலேயே அங்கே ஆழம் அளந்து படம் வரைந்திருந்தார்கள். அதனால் படிந்த வண்டலை நேராகவே கணக்கிட முடிந்தது. பாதரசம் கலந்த வண்டல் எங்கே புதைந்துள்ளது, எங்கே அரித்து வெளிப்படுகிறது என்பதை அறிய இன்றும் அப்படங்கள் உதவுகின்றன. மீன்களையும் அவற்றை உண்பவர்களையும் காக்க இச்செய்தி தேவையன்றோ?

“இப்போதுதான் செயற்கைக்கோள்கள் உள்ளனவே!” என்பீர்கள். அவை இன்றைய மலையை அளக்கும். அளக்காமல் விட்ட நேற்றைய மலையை அளக்க எக்கருவியாலும் இயலாது. ஆகவே சுரங்கமோ கல்குவாரியோ திறக்குமுன் படம் வரைவது கட்டாயமாக வேண்டும். அது பொதுமக்கள் பார்வைக்கும் கிடைக்க வேண்டும். பழைய படங்களைக் காலாவதியானவை என்று எறிவது, சோதனைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தைக் கிழிப்பதற்குச் சமம்.

மாணவ நண்பர்களே, உங்கள் பள்ளிக்கு அருகில் மண்மேடு ஒன்று இருக்கிறதா? கொத்தனாரின் மட்டக் குழாயும் அளவு நாடாவும் கொண்டு அதற்குச் சம உயரக் கோடுகள் வரையுங்கள். படத்தின் மூலையில் தேதியை மறக்காமல் குறியுங்கள்.