குவார்ட்டர்ஸும் சொந்த வீடும்



நெய்வேலியில் என் சித்தப்பா ஓய்வு பெற்று குவார்ட்டர்ஸைக் காலி செய்த வாரம், கூடமாட ஒத்தாசைக்குப் போயிருந்தேன். முப்பது வருஷத்துச் சாமான்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பழைய இரும்புக் கடைக்குப் போகிற குவியலில், உறைகூடக் கழற்றாமல் ஒரு கணினி. தங்கை பொறியியல் படித்தபோது வாங்கியது.

"நல்லாத்தான்பா ஓடுது. ஆனா இதுல இருக்கிற விண்டோஸ் 10-க்கு இனிமே பாதுகாப்பு கிடையாதாம். புதுசு இதுல ஏறாதாம்" என்றார் சித்தப்பா.

உண்மைதான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லும் புதிய பிராசஸரும் பழைய கணினிகள் பலவற்றில் இல்லை. அதற்காக, ஓடுகிற கணினியை எடைக்குப் போடுவதா? எனக்கு மனசு வரவில்லை.

அன்று இரவு தங்கையின் கல்யாணப் படங்களையும் சித்தப்பாவின் கடிதங்களையும் முதலில் வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்தோம். இதை மட்டும் யாரும் தவறவிடாதீர்கள். பிறகு 8 ஜிபி பென்டிரைவில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி, அதிலிருந்தே கணினியை இயக்கினோம். இப்படி, உள்ளே எதையும் மாற்றாமல் முதலில் ஓட்டிப் பார்க்கலாம். ஒலி வருகிறதா, வைஃபை கிடைக்கிறதா என்று பார்த்துத் திருப்தியான பிறகே நிறுவினோம்.

"தமிழ்ல அடிக்கலாமா?" என்பதுதான் சித்தப்பாவின் முதல் கேள்வி. தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக் கொடுத்தேன். வங்கிக் கணக்கை ஃபயர்பாக்ஸில் பார்த்தார். பழைய கடிதங்கள் லிப்ரே ஆபீஸில் திறந்தன. சிலவற்றில் எழுத்துரு மாறி வரிகள் நகர்ந்திருந்தன. டேலி போன்ற விண்டோஸ் மென்பொருளை நம்பித் தொழில் செய்கிறவர்கள் யோசித்துத்தான் மாற வேண்டும். படிக்க, எழுத, படம் பார்க்க, பிள்ளைகளோடு முகம் பார்த்துப் பேச எந்தக் குறையும் இல்லை.

"காசில்லாம குடுக்கிறான்னா இதுல என்ன இருக்கு?" என்று சித்தி சந்தேகப்பட்டார். ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் இரண்டு பொருளைச் சுமக்கிறது. தமிழில் இலவசம் வேறு, கட்டற்றது வேறு. குவார்ட்டர்ஸில் வாழ்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. குவார்ட்டர்ஸ் எவ்வளவு நல்ல வீடாக இருந்தாலும் ஒரு சுவரை இடிக்க உரிமையில்லை. ஒருநாள் சாவியைத் திருப்பித் தர வேண்டும். லினக்ஸ் சொந்த வீடு மாதிரி. உள்ளே என்ன இருக்கிறதென்று திறந்து பார்க்கலாம், மாற்றிக் கட்டலாம், பக்கத்து வீட்டுக்காரருக்கும் நகல் எடுத்துக் கொடுக்கலாம். 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் க்னூ திட்டத்தை அறிவித்தது இந்த உரிமைக்காகத்தான். 1991-இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் கருவும் (கெர்னல்) பிறகு அதோடு சேர்ந்துகொண்டது.

நம் ஊருக்கும் இதில் பங்குண்டு. பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளம் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் உருவாகி 2007-இல் வெளிவந்தது. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு அதுவும் இருந்தது. அதை ஒருமுறையேனும் திறந்து காட்டிச் சொல்லித்தர ஆளில்லாமல் எத்தனையோ பிள்ளைகள் கடந்துபோனார்கள். எனக்கு இன்றும் அது வருத்தம்தான். இன்று அந்தக் குறை இல்லை. 2012 முதல் 'கணியம்' இணைய இதழ் இவற்றையெல்லாம் எளிய தமிழில் எழுதிவருகிறது. நெய்வேலியிலிருந்து எட்டிவிடும் தூரத்தில், விழுப்புரத்தில், லினக்ஸ் பயனர் குழு ஒன்று மாணவர்களுக்குக் கற்றுத்தருகிறது.

உங்கள் வீட்டிலும் உறை போட்ட கணினி ஒன்று இருக்கலாம். இரும்புக் கடைக்காரரைக் கூப்பிடும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி ஓட்டிப் பாருங்கள். எங்கே தடுக்கியது, எது பிடித்தது என்று எங்களுக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்