மணலி அடுப்புக்கு வாஷிங்டன் அனுமதியா?

மணலி பக்கம் போகிறவர்கள் அந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் உயரமான குழாயில் தீ எரிவதைப் பார்த்திருப்பார்கள். இது யார் ஆலை என்று கேட்டால், "கவர்மெண்ட் கம்பெனிங்க" என்றுதான் பதில் வரும். தப்பில்லை. ஆனால் முழு உண்மையும் அது இல்லை.

1965-ல் 'மெட்ராஸ் ரிபைனரீஸ்' என்ற பெயரில் அந்தக் கம்பெனி பிறந்தபோது மூன்று கூட்டாளிகள். நூற்றுக்கு 74 பங்கு மத்திய அரசுக்கு. 13 பங்கு அமெரிக்காவின் அமோக்கோ கம்பெனிக்கு. மிச்சம் 13 பங்கு ஈரான் தேசிய எண்ணெய் கம்பெனிக்கு. 1969-ல் ஆலை ஓடத் தொடங்கியது. ஈரான் கச்சா எண்ணெயை நம்பிக் கட்டிய ஆலை அது. அமெரிக்காக்காரனும் ஈரான்காரனும் மணலியில் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட காலம்!

1979-ல் ஈரானில் புரட்சி வெடித்தது. மன்னர் ஷா நாட்டை விட்டே ஓடினார். டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தில் இருந்தவர்கள் பிணைக்கைதிகள் ஆனார்கள். பந்தி கலைந்தது. 1985-ல் அமோக்கோ தன் பங்கை விட்டு மணலியில் இருந்து வெளியேறியது. ஈரான் நின்றது. பிற்பாடு ஆலை இந்தியன் ஆயில் கைக்குப் போய், சென்னை பெட்ரோலியம் என்று பெயரும் மாறியது. ஈரானின் பங்கு மட்டும் 15.4 சதவீதமாகத் தொடர்ந்தது.

இப்போது வேடிக்கையைக் கேளுங்கள். 2018-ல் ஒரு செய்தி வெளியானது. ஈரான் எண்ணெயைக் காய்ச்சினால் ஆலைக்கு இன்சூரன்ஸ் கிடையாது என்று இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்துவிட்டதாம். அதனால் அந்த எண்ணெயையே நிறுத்திவிட ஆலை நிர்வாகம் யோசிக்கிறதாம். ஆலையில் பங்கு உள்ளவன் ஈரான்காரன். அவன் எண்ணெயை அந்த ஆலையின் அடுப்பில் ஏற்றக்கூடாது!

உத்தரவு போட்டது மணலியா? இல்லை. டெல்லியா? அதுவும் இல்லை.

ஊர்விலக்கு

பொருளாதாரத் தடை என்று பத்திரிகைகளில் பெரிய வார்த்தையாக வருகிறது. கிராமத்தில் இதற்கு ஊர்விலக்கு என்று பெயர். நாட்டாமை ஒரு குடும்பத்தைத் தள்ளி வைப்பார். அந்த வீட்டுக்குத் தண்ணீர் கொடுக்காதே, நெருப்புக் கொடுக்காதே என்பார். அதோடு விட்டால் பரவாயில்லை. அந்த வீட்டோடு பேசுகிறவனுக்கும் அபராதம் என்பார். அமெரிக்கா செய்வது இந்த இரண்டாவது வேலை. "நான் ஈரானிடம் வாங்கமாட்டேன்" என்பது அதன் இஷ்டம். "நீயும் வாங்கினால் உன் பாங்கிக்கு என் ஊரில் இடம் இல்லை" என்பதுதான் கெடுபிடி.

இதற்குப் போர்க்கப்பல் வேண்டாம். எண்ணெய் வியாபாரம் டாலரில் நடக்கிறது. டாலர் நியூயார்க் பாங்கிகள் வழியாகப் போயாக வேண்டும். கப்பலுக்கு இன்சூரன்ஸ் வேண்டும். அதைக் கொடுக்கும் பெரிய கம்பெனிகள் ஐரோப்பாவில் இருக்கின்றன. பாங்கியும் இன்சூரன்சும் பயந்தால் போதும், கப்பல் தானாக நின்றுவிடும்.

2010 டிசம்பரில் ரிசர்வ் வங்கி பழைய பணப் பட்டுவாடா வழியை அடைத்தது. துருக்கி பாங்கி ஒன்றின் வழியாகக் கொஞ்ச காலம் பணம் போனது. 2012-ல் கல்கத்தா யூகோ பாங்கியில் கணக்குத் திறந்து, பாக்கியில் 45 சதவீதத்தை ரூபாயிலேயே கொடுத்தார்கள். அந்த ரூபாயை ஈரான் என்ன செய்யும்? இந்தியாவிலேயே அரிசி, டீத்தூள், மருந்து வாங்கியது. எண்ணெய் வந்தது, பாசுமதி அரிசி போனது. பண்டமாற்று மாதிரி! கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. சபாஷ் போடலாம்.

முதல் வளைவு

ஆனால் வளைவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 2005 ஜூலையில் மன்மோகன் சிங்கும் புஷ்ஷும் அணுசக்தி உடன்பாடு பற்றி அறிவித்தார்கள். அதே செப்டம்பரில் வியன்னாவில் சர்வதேச அணுசக்தி முகமையில் ஈரானுக்கு எதிராக இந்தியா ஓட்டுப் போட்டது. 2006 ஜனவரியில் அமெரிக்கத் தூதர் டேவிட் மல்போர்டு பகிரங்கமாகவே பேசினார். மறுபடியும் ஈரானுக்கு எதிராக ஓட்டு விழாவிட்டால் அணுசக்தி உடன்பாடு அமெரிக்கக் காங்கிரசில் செத்துப்போகும் என்று அர்த்தம் தொனிக்கச் சொன்னார். டெல்லியில் ஒரே கூச்சல். பிப்ரவரியில் மறுபடியும் ஓட்டு விழுந்தது!

அந்த ஜனவரியிலேயே இன்னொன்றும் நடந்தது. ஈரானில் இருந்து பாகிஸ்தான் வழியாக எரிவாயுக் குழாய் போடவேண்டும் என்று விடாப்பிடியாக நின்றவர் மயிலாடுதுறை எம்.பி. மணிசங்கர் அய்யர். அப்போது பெட்ரோலிய மந்திரி. அவருடைய இலாகா மாற்றப்பட்டது. அமெரிக்காவின் கைவேலை என்று ஒரு பேச்சு, சாதாரண மந்திரிசபை மாற்றம் என்று ஒரு பேச்சு. எது எப்படியோ, குழாய் வரவில்லை.

2012 மே மாதம் அமெரிக்க வெளிநாட்டு மந்திரி ஹிலாரி கிளிண்டன் கல்கத்தாவுக்கும் டெல்லிக்கும் வந்து, ஈரான் எண்ணெயைக் குறையுங்கள் என்றார். குறைத்தார்கள். ஜூனில் 'விலக்கு' கிடைத்தது. ஒரு சுதந்திர நாடு இன்னொரு நாட்டிடம் எண்ணெய் வாங்க மூன்றாவது நாட்டிடம் லீவு லெட்டர் கொடுத்து அனுமதி வாங்குவது போல.

வாய்ச்சொல் வேறு

உண்மையான அடி 2018-ல்தான் விழுந்தது. 2015-ல் ஒபாமா காலத்தில் ஈரானோடு செய்துகொண்ட அணு உடன்பாட்டை 2018 மே 8 அன்று டிரம்ப் உதறினார். ஈரான் உடன்பாட்டை மீறியதாகச் சர்வதேச ஆய்வாளர்கள் அதுவரை சொல்லவில்லை. அதைப் பற்றி யாருக்குக் கவலை?

மே 28 அன்று வெளிநாட்டு மந்திரி சுஷ்மா சுவராஜ் கறாராகச் சொன்னார். ஐக்கிய நாடுகள் சபை விதிக்கும் தடையை மட்டுமே இந்தியா ஏற்கும், தனி நாடு விதிக்கும் தடையை ஏற்காது என்றார். கேட்டவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அடுத்த மாதமே அமெரிக்காவின் ஐ.நா. தூதர் நிக்கி ஹேலி டெல்லிக்கு வந்தார். நவம்பரில் இந்தியா உட்பட 8 நாடுகளுக்கு 180 நாள் சலுகை. 2019 மே 2 அன்று அதுவும் காலி. ஈரான் எண்ணெய் அடியோடு நின்றது.

நின்றுபோனது சாமானியச் சரக்கு இல்லை. 2017-18-ல் மட்டும் சுமார் 226 லட்சம் டன். இந்தியாவுக்கு எண்ணெய் கொடுத்த நாடுகளில் ஈரான் மூன்றாவது. அதோடு 60 நாள் கடன். கப்பல் கூலியிலும் சலுகை. அண்ணாச்சி கடையில் நோட்டுப் போட்டு வாங்கிக்கொண்டு மாசம் கழித்துப் பணம் கட்டுவதும், ரொக்கம் வைத்தால்தான் சரக்கு என்கிற கடையில் வாங்குவதும் ஒன்றாகுமா? குடும்பம் நடத்தும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் வித்தியாசத்தைச் சொல்வாள்.

யூகோ பாங்கியில் ரூபாய் சேருவதும் நின்றது. அரிசியும் டீயும் அனுப்பியவர்கள் கையைப் பிசைந்தார்கள். அதே காலத்தில் இந்தியத் துறைமுகங்களுக்கு அமெரிக்க எண்ணெய்க் கப்பல்கள் வரத்து கூடியது. முதல் கப்பல் 2017 அக்டோபரில் பாரதீப்புக்கு வந்தது. அடுத்தவன் கடையை மூடச் சொன்னவனே பக்கத்தில் கடை விரித்தால் அதற்கு என்ன பெயர்?

ஈரான் எண்ணெய் வாங்குவது அடியோடு நின்றுவிட்டது என்ற செய்தி எங்கே வந்தது தெரியுமா? 2019 மே 23. நாடு முழுவதும் தேர்தல் முடிவை எண்ணிக்கொண்டிருந்த நாள். வாஷிங்டனில் நிருபர்களிடம் இந்தியத் தூதர் சொன்னார். ஓட்டுப் போட்ட ஜனங்களுக்கு இங்கே சொல்ல ஆள் இல்லை.

மறுத்தவர்களும் உண்டு

நெருக்கினால் எல்லோரும் குனிந்துதான் ஆகவேண்டுமா? 1982-ல் ரஷியாவின் சைபீரியாவில் இருந்து மேற்கு ஐரோப்பாவுக்கு எரிவாயுக் குழாய் போட்டார்கள். ஐரோப்பியக் கம்பெனிகள் அதற்கு இயந்திரம் கொடுக்கக்கூடாது என்று ரீகன் தடை போட்டார். ரீகனின் உற்ற சிநேகிதி மார்கரெட் தாட்சர் என்ன செய்தார்? ஒப்பந்தப்படி சரக்கை அனுப்புங்கள் என்று பிரிட்டிஷ் கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டார். பிரான்சும் தன் மண்ணில் இருந்த அமெரிக்கக் கிளைக் கம்பெனிக்கே உத்தரவு போட்டுக் கப்பலில் ஏற்ற வைத்தது. நவம்பரில் ரீகன் தடையை வாபஸ் வாங்கினார். பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் சிநேகம் கெட்டுப்போகவில்லை.

ஆனால் 2018-ல் அதே ஐரோப்பா ஈரான் விஷயத்தில் சட்டம் போட்டும் பலிக்கவில்லை. பிரான்சின் டோட்டல் கம்பெனி ஈரான் எரிவாயு வயலை விட்டு ஓடியே போனது. டாலரின் பிடி அவ்வளவு இறுகிவிட்டது. ஆகவே டெல்லி மட்டும் கோழை என்று சொல்வது நியாயம் ஆகாது. சீனா மட்டும் ஓரங்கட்டி வாங்கிக்கொண்டே இருந்தது, அதுவும் மலிவு விலையில்.

ஈரானும் சொக்கத்தங்கம் இல்லை. பாரசீக வளைகுடாவில் பர்சாத்-பி எரிவாயு வயலை 2008-ல் கண்டுபிடித்தது இந்தியக் கம்பெனி. பேரம் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 2021-ல் ஈரான் அதைத் தன் நாட்டுக் கம்பெனிக்கே கொடுத்துவிட்டது. கைவிட்டவனுக்குச் சீதனம் கொடுப்பார்களா என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

சபஹார் முதல் திருப்பூர் வரை

எண்ணெய் போனாலும் சபஹார் துறைமுகம் கையில் இருக்கிறது என்று டெல்லி சமாதானம் சொல்லியது. பாகிஸ்தானைத் தொடாமல் ஆப்கானிஸ்தானுக்குப் போகும் வழி அது. 2017-ல் அந்த வழியாகத்தான் கோதுமை போனது. 2024 மே 13 அன்று 10 ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. மை காய்வதற்குள், தடை வரும் ஆபத்து உண்டு என்று வாஷிங்டனில் இருந்து குரல் வந்தது. 2025 செப்டம்பர் 29 முதல் சலுகை ரத்து என்றார்கள். அக்டோபர் கடைசியில், சரி, 6 மாதம் வைத்துக்கொள் என்றார்கள். 10 வருஷக் குத்தகைக்கு 6 மாதத் தவணை! எந்த வியாபாரி இதை நம்பி முதல் போடுவான்?

ரஷிய எண்ணெய் விஷயத்தில் அடி இன்னும் பலமாக விழுந்தது. 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குகளுக்கு 25 சதவீதம் கூடுதல் வரி போட்டு, மொத்தம் 50 சதவீதம் ஆக்கினார் டிரம்ப். ரஷியாவிடம் இந்தியாவைவிட அதிகமாக வாங்கிய சீனாவுக்கு அந்தத் தண்டனை வரி இல்லை. எண்ணெய் வாங்கியது ரிபைனரி. உதைபட்டது திருப்பூர் பனியன் கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த பெண்.

சிநேகிதன் ஒரு காரியம் வேண்டாம் என்று கேட்கலாம். கேட்பதில் குற்றம் இல்லை. சில நேரம் விட்டுக்கொடுப்பதிலும் குற்றம் இல்லை. ஆனால் தணிக்கமாட்டோம், குனியமாட்டோம் என்று மே மாதம் மேடையில் முழங்கிவிட்டு, அடுத்த மே மாதம் ஓசைப்படாமல் கடையை மூடுவது என்ன வழக்கம்? விட்டுக்கொடுத்த 226 லட்சம் டன்னுக்கு ஈடாக அமெரிக்கா என்ன கொடுத்தது? 60 நாள் கடன் போனதால் கஜானாவுக்கு எவ்வளவு நஷ்டம்? மணலி ஆலைக்கு எவ்வளவு?

அடுத்த தடவை இப்படி ஒரு முடிவு எடுத்தால், அதை நாடாளுமன்றத்தில் மந்திரி எழுந்து நின்று சொல்லட்டும், கணக்கையும் மேஜை மேல் வைத்துவிட்டு.